பூட்டச் சொன்னவர்

அமிர்தலிங்கம் கிராணியாருக்கு அடித்தல் திருத்தல் என்றால் ஆகாது. மலையூரான ரிங்லெட்டை அடுத்த அந்தத் தேயிலைத் தோட்டத்தின் ஆள் பதிவேட்டை இருபத்திரண்டு ஆண்டுகளாக எழுதிவந்த எழுத்தர் அவர். ஒரு வரியை வெட்டி எழுத நேர்ந்தால், வெட்டிய இடத்தின் ஓரத்தில் முழுக் கையெழுத்திடுவார். அன்று மாலை முருகன் சந்நிதியில் அதற்கென ஒரு பதிகம் கூடுதலாகப் பாடுவார். பிழை பொறுக்கும்படி இறைவனிடம் உருகத் தெரிந்த அந்த வாய், பிழை செய்தேன் என்று மனிதரிடம் சொல்லப் பழகியதில்லை.

எண்பத்தேழாம் ஆண்டு அலுவலகத்துக்குக் கணினி வந்தது. கோலாலம்பூர்த் தலைமை அலுவலகத்திலிருந்து அதை நிறுவ வந்த விஜயன், தொழிலாளி ஒவ்வொருவருக்கும் ஒரு கோப்பு அமைத்துக் கொடுத்தான். புறப்படும்போது கேட்டான்:

“சார், எழுதி முடிச்ச ஃபைலை யாரும் அழிக்க முடியாதபடி பூட்டிடவா?”

“பூட்டிடுங்க தம்பி. எழுத்துன்னா எழுத்துதான். ஆளாளுக்குக் கை வச்சா அது பதிவேடா, சந்தைக்கடையா?”

“அப்புறம் உங்களுக்கே வேணும்னாலும், உங்க மேனேஜர் துரை போன்ல காரணம் சொன்னாத்தான் திறப்போம்லா.”

“எனக்கு எதுக்கு அது?” என்று சிரித்தார் கிராணியார்.

மறு ஆண்டு மழைக்காலத்தில், ஸ்டோரில் இருந்த, களைக்கு அடிக்கும் புல் மருந்து டின்கள் மூன்றைக் காணவில்லை. லெம்பா பெர்த்தாம் காய்கறித் தோட்டங்களில் அந்த மருந்துக்கு என்றும் கிராக்கி; மருந்தடிக்கும் கருப்பையாவுக்கோ அங்கே கூட்டாளிகள் இருந்தார்கள். கங்காணி மாடசாமி இரண்டையும் முடிச்சுப் போட்டார். கிராணியார் அந்த முடிச்சை அவிழ்த்துப் பார்க்கவில்லை. கருப்பையாவுக்குரிய இருநூற்றுப் பதினேழாம் கோப்பில், ‘மருந்து திருடி விற்றவர், மீண்டும் வேலைக்குச் சேர்க்கத் தகாதவர்’ என்று எழுதிவிட்டார். கருப்பையாவின் வேலை போயிற்று. அலுவலக வாசலில் நின்று, “நான் எடுக்கல ஐயா” என்று அவன் மூன்று முறை சொன்னான். நான்காம் முறை சொல்லவில்லை.

ஐந்து வாரம் சென்றது. உர மூட்டைகளைப் பார்க்க ஸ்டோருக்குள் போன கிராணியார், கடைக்கோடி மூலையில் கிடந்த படுதாவைத் தூக்கினார். மூன்று டின்களும் மூடி திறவாமல் அடியில் இருந்தன. கூரை ஒழுகத் தொடங்கிய நாளில், நனையக் கூடாதென்று அவற்றைத் தம் கையாலேயே அங்கே கொண்டுபோய் மூடிவைத்தது அப்போதுதான் அவர் நினைவுக்கு வந்தது.

அன்று நண்பகல் கருப்பையாவின் மனைவி வேலம்மா வந்து நின்றாள். அவள் கொழுந்தெடுக்கத் தற்காலிகமாக வருபவள். தோட்டம் கொடுத்த லயத்து வீடு புருஷன் பெயரில்தான் இருந்தது.

“ஐயா, கோலா தெர்லாவுக்கு அந்தப் பக்கம் நம்ம கம்பெனித் தோட்டத்துல மருந்தடிக்க ஆள் எடுக்கிறாங்களாம். நாளைக்குக் காலையில இவரு போறாரு. இங்க வீட்டைக் காலி பண்ணச் சொல்லிட்டாங்க. அங்க வேலை கெடைச்சா வீடும் குடுப்பாங்க. இங்கேருந்து போற டிஸ்க்குல பேரு நல்லா இருந்தாப் போதுமாம்.” பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டாள். “சாமி பாட்டுப் பாடுற வாயி, மனசறிஞ்சு தப்பா எழுதியிருக்க மாட்டாருன்னு நான்தான் அவருகூடச் சண்டை போட்டேன்.”

கிராணியார் தலையசைத்து அனுப்பினார். மாதந்தோறும் கோப்புகளின் நகல் ஒரு வட்டில் ஏறி மற்றத் தோட்டங்களுக்கு லாரியில் போகும். அன்றைய லாரி மூன்று மணிக்கு.

இருநூற்றுப் பதினேழை அழிக்கும்படி கணினிக்குக் கட்டளையிட்டார். அனுமதி இல்லை என்று திரை ஆங்கிலத்தில் இரண்டே சொற்களில் மறுத்தது. மீண்டும் தட்டினார், மீண்டும் அதே. பெயரை மாற்றிப் பார்த்தார். அந்த எழுத்தின்மேல் வேறெழுத்தை எழுதிப் பார்த்தார். கோப்பு இருந்த தொகுப்பையே நீக்கப் பார்த்தார். உள்ளே ஆளிருக்கும் வீட்டை இடிக்கலாகாது என்பதுபோல் அதுவும் மறுத்தது. பதிகம் பாடித் திறந்த கோயிற்கதவின் கதையை அவர் நெஞ்சுருகப் பலருக்குச் சொன்னவர். இங்கே கதவை அடைக்கச் சொன்னவரே திறக்க வழியின்றி நின்றார்.

விஜயனைத் தொலைபேசியில் அழைத்தார்.

“என்ன சார், எழுத்துன்னா எழுத்துதான்னு சொன்னீங்களே?” என்று சிரித்தான் அவன். “பரவால்ல. துரையைப் பேசச் சொல்லுங்க. என்ன தப்பு, யாரு செஞ்ச தப்புன்னு ஒரு வரி சொன்னாப் போதும். அஞ்சு நிமிஷத்துல திறந்துடலாம்லா.”

துரையின் அறை பத்தடித் தொலைவில் இருந்தது. கிராணியார் இரண்டு முறை எழுந்தார். இரண்டு முறையும் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தார். ‘நாளை விடிந்ததும் சொல்லிவிடுவோம். ஓர் இரவில் என்ன ஆகிவிடும்?’

வெளியே லாரி உறுமியது. “கிராணியாரே, டிஸ்க்கு என்னாச்சு, ரெடியாச்சா இல்லையா? ரிங்லெட் தாண்டறதுக்குள்ள மழை புடிச்சுக்கும்லா!” என்று கூவினான் ஓட்டுநர் ஜலால்.

கிராணியார் வட்டைக் கொடுத்தார். கொடுக்காமல் வைத்துக்கொள்வதற்கு யாருடைய அனுமதியும் வேண்டியிருக்கவில்லை.

மறுநாள் காலை, நீறணிந்த நெற்றியோடு துரையின் முன் நின்று எல்லாவற்றையும் சொன்னார். துரை கடிந்துகொள்ளவில்லை. “கருப்பையாவத் திரும்ப வரச் சொல்லு” என்றார். தலைமை அலுவலகத்தோடு தொலைபேசியில் ஒரு வார்த்தை பேசினார். பூட்டுத் திறந்தது. கோப்பு இமைப்பொழுதில் அழிந்தது.

உடனே கிராணியார், கோலா தெர்லாப் பக்கத்துத் தோட்டத்துக் கிராணியைத் தொலைபேசியில் அழைத்தார்.

“அந்த ஆளா? விடியிறதுக்கு முன்னயே வந்து நின்னான். டிஸ்க்கைப் பாத்துட்டுத் திருப்பி அனுப்பிட்டோம். வேற ஆளும் போட்டாச்சு. என்ன, அழிக்கணுமா? இங்க உள்ளதுக்கும் பூட்டுத்தானே ஐயா.”

பிற்பகலில் கிராணியார் லயத்துக்கு நடந்தார். கருப்பையா வாசலில் தகரப்பெட்டியைக் கயிற்றால் இறுக்கிக்கொண்டிருந்தான். வேலம்மாவின் அண்ணன் வீட்டுக்கு, தாப்பாவுக்குப் போகிறார்களாம். நின்றபடியே கிராணியார் எல்லாவற்றையும் சொன்னார்: டின்கள், படுதா, தம் கை, மறுத்த திரை, போய்விட்ட வட்டு.

“துரை உன்னைத் திரும்ப வரச் சொல்றாரு, கருப்பையா.”

“வந்து? கள்ளன் கள்ளன்னு அஞ்சு வாரமாப் பாத்த கண்ணுங்க முன்னால காலையில பேரு கூப்பிடுற பெரட்டுல நிக்கவா? அங்க வேலை கெடைச்சிருந்தா, என்னை யாருக்கும் தெரியாது ஐயா. புதுசா நின்னிருப்பேன்.” கயிற்றைப் பல்லால் கடித்து முடிந்தான். “மெசின் அனுமதி குடுக்கலன்னு சொல்றீங்க, சரி. நேத்து டின்னைப் பாத்த கையோட என்கிட்ட வந்து சொல்ல, எவன் ஐயா உங்களுக்கு அனுமதி குடுக்கல?”

வேலம்மா கிராணியாரை நிமிர்ந்தும் பார்க்காமல், பானையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள்.

அலுவலகம் திரும்பியபோது திரையில் இருநூற்றுப் பதினாறை அடுத்து இருநூற்றுப் பதினெட்டு நின்றது. நடுவே ஒன்று இருந்த சுவடே இல்லை. பழியோடு, அது பொய்ப்பழி என்பதற்கான சான்றும் மறைந்துபோயிருந்தது. வெட்டுக்கோடும் ஓரத்துக் கையெழுத்தும் இதற்குள் கிடையா. அவர் அலமாரியிலிருந்து பழைய பதிவேட்டை இறக்கித் தூசு தட்டினார். கருப்பையாவின் பெயருக்கு நேரே, ‘இவர் குற்றமற்றவர். டின்களை இடம் மாற்றி மறந்தவன் நான். அறிந்தபின்னும் ஒரு நாள் வாய் திறவாதிருந்தவனும் நான்’ என்று மையால் எழுதி முழுக் கையெழுத்திட்டார்.

அந்தப் பதிவேட்டை இனி யாரும் திறக்கப்போவதில்லை என்பது அவருக்குத் தெரியும். அன்று மாலை சந்நிதிக்குப் போனார். ஆனால் பாடவில்லை.