சீம்பால் டப்பா

எனக்கு வாய் அதிகம். கூத்தாநல்லூர் பக்கம் கால்நடை டாக்டராக வந்த மூன்றே மாதத்தில் அந்தப் பெயர் கிடைத்துவிட்டது. ஆட்டுக்குக் கழிச்சல் முற்றின பிறகு தூக்கிக்கொண்டு வந்தால் கத்துவேன். நாய்ச் சொறிக்கு மண்ணெண்ணெய் தடவியிருந்தால் இன்னும் கத்துவேன். தர்மாம்பாள் வீட்டில் மட்டும் அன்றைக்குக் கத்தியிருக்கக் கூடாது.

தொண்ணூற்றேழு, தை மாதம். அவள் புருஷன் ரெங்கசாமி குவைத்துக்குப் போய் இரண்டு வருஷமாகியிருந்தது. அவர் அனுப்பிய முதல் சம்பளத்தில் வாங்கிய கலப்பின மாடு முந்தின நாள் கன்று போட்டிருந்தது. நான் போனபோது மாடு கொல்லையில் படுத்து, கழுத்தை விலாப்பக்கம் மடித்துக் கிடந்தது. காதைத் தொட்டேன், சில்லென்றிருந்தது. பால் காய்ச்சல். பெயர்தான் காய்ச்சல், உடம்பில் சூடே இருக்காது. பாலோடு சுண்ணாம்புச் சத்தெல்லாம் இறங்கிவிட, மாடு எழ முடியாமல் விழுந்துவிடும். விட்டால் செத்துப்போகும்.

சீம்பாலை எவ்வளவு கறந்தாய் என்று கேட்டேன். ஒட்டக் கறந்ததாகச் சொன்னாள். அவ்வளவுதான், பிடித்துக்கொண்டேன். தெருவுக்கெல்லாம் சீம்பால் கொடுத்துப் பேர் வாங்கணுமா, மாடு பிழைக்க வேண்டாமா என்று கேட்டேன். அவள் மாட்டின் தலையை மடியில் தூக்கி வைத்துக்கொண்டாள்.

கழுத்து நரம்பில் ஊசி ஏற்றி, கால்சியம் பாட்டிலைத் தூக்கிப் பிடித்தேன். அவசரப்பட்டால் மாட்டின் இதயம் நின்றுவிடும், மெல்லத்தான் இறக்க வேண்டும். அந்த அரைமணி நேரத்தில்தான் அவள் வாய் திறந்தாள்.

"தெருவுக்குக் குடுக்கலைங்க டாக்டரம்மா. அல்லா பிச்சை பாய் லீவு முடிஞ்சு இன்னைக்குக் குவைத்துக்குத் திரும்புறாரு. எங்க வீட்டுக்காரருக்குச் சீம்பால்னா உசிரு, பாய்கிட்ட குடுத்தனுப்பலாம்னு பாத்தேன். வெல்லம் போட்டுக் கிளறுனா கெடாது. ஆனா சுண்டினா கொஞ்சமாயிடுதுங்க. அதான் ஒட்டக் கறந்துட்டேன்."

பாட்டிலை இன்னும் கொஞ்சம் தாழ்த்திப் பிடித்தேன்.

பாட்டில் காலியாகும் நேரம் மாட்டின் உடம்பு நடுங்கியது. ஏப்பம் விட்டது, சாணி போட்டது; பிழைத்துவிட்டது என்று அர்த்தம். சாணியைப் பார்த்துத் தர்மாம்பாள் அழுதாள். மாடு பின்புறத்தைத் தூக்கி, தள்ளாடி எழுந்து கன்றைத் தேடியது.

அவள் உள்ளே போய் ஒரு எவர்சில்வர் டப்பாவை எடுத்துக்கொண்டு குப்பைக்குழிப் பக்கம் நடந்தாள். மாட்டைச் சாகக் கொடுக்கப் பார்த்த பண்டம், இதை எந்த முகத்தோடு அனுப்புவது என்றாள். வெடுக்கென்று பிடுங்கினேன். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தால் அப்போதும் திட்டுத்தான் வந்தது. டப்பாவோடு வண்டியைக் கிளப்பினேன்.

பாய் வீட்டு வாசலில் திருச்சி விமான நிலையத்துக்குப் போகும் வேன் நின்றது. அவர் மனைவி சஃபியா பெட்டியைக் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டிருந்தார். எடை ஏற்கெனவே கூடிவிட்டது, ஒரு டப்பாவுக்கும் இடமில்லை என்றார் பாய். யாருக்கு என்று சஃபியா கேட்டார், நடந்ததைச் சொன்னேன். அவர் கயிற்றை அவிழ்த்து, புருஷனுக்காகக் கிளறி வைத்திருந்த தம்ரூட் என்கிற ரவை இனிப்பு டப்பாவை வெளியே எடுத்து வைத்தார்.

"நீங்க ரெண்டு மாசமா என் கையால தின்னுட்டுத்தானே போறீங்க. அந்த மனுசன் ரெண்டு வருசமா வரலையே."

பாய் சீம்பால் டப்பாவை வாங்கித் துணிக்குள் பொதிந்து வைத்தார். நான் பெட்டியின் மேல் கையை வைத்தேன்.

"மாடு கன்னு போட்டிருக்கு, நல்லா இருக்குன்னு மட்டும் சொல்லுங்க பாய். விழுந்ததைச் சொல்லிடாதீங்க. அவர் தின்ன மாட்டாரு."