கூர்முனை மேலே

அதிராம்பட்டினத்துக்குக் கிழக்கே, கடலோரச் சேற்றுத் திடலில் இரண்டு பேருந்து நிறையப் படித்தவர்கள் வந்து இறங்கினார்கள். எல்லோர் தலையிலும் பச்சைத் தொப்பி. கடற்கரையைக் காப்பாற்ற வந்திருந்தார்கள். பத்தடி நடப்பதற்குள் பாதிப் பேருடைய செருப்பைச் சேறு விழுங்கிவிட்டது.

அமலி கொக்கிக் கம்பியோடு ஓரமாக நின்றாள். அந்தத் திடலின் வளைகளில் நண்டு பிடித்துத்தான் அவள் வீட்டில் அடுப்பு எரிந்தது. இனி எரியாது. அலையாத்தி நட்டு, சுற்றிலும் வலை வேலி கட்டி, மரம் பிழைத்தால் மூன்று வருஷம் யாரும் உள்ளே வரக்கூடாது என்று பலகை வைத்தாயிற்று.

திட்ட அலுவலர் பரணிதரனிடம் முந்தின வாரமே கேட்டுப் பார்த்திருந்தாள்.

"மரம் வேணாங்கல சார். மேற்கால, வாய்க்கா முகத்துல நடுங்க. கரை அங்கதான் அரிக்குது."

"மேப்புல இந்த இடந்தாம்மா இருக்கு."

மேப்பில் நண்டு வளை இல்லை.

இப்போது அவர் முருங்கைக்காய் போல நீண்ட விதை ஒன்றைத் தூக்கிக் காட்டினார். "கூர்முனை மேல இருக்கணும். அதுதான் முளை!"

அமலியின் கொழுந்தன் லியோ சிரிப்பை மறைக்கச் சட்டென்று குனிந்துகொண்டான். மரத்தில் கூர்முனை கீழே பார்த்துத்தான் தொங்கும்; விழுந்தால் அப்படியே சேற்றில் குத்திட்டு, அங்கேயே வேர்விடும்.

"அண்ணி, அந்தாளு தலைகீழா நடச் சொல்றான்."

"வாய மூடு."

இரண்டாயிரம் விதைகள் தலைகீழாக நின்றன. ஒவ்வொன்றோடும் யாராவது செல்ஃபி எடுத்துக்கொண்டார்கள்.

பரணிதரன் அவளிடம் வந்தார். "என்னம்மா, இன்னும் கோவமா? எப்படி நட்டிருக்கோம்?"

ஒரு வார்த்தை போதும். எல்லாவற்றையும் திருப்பி நட்டுவிடுவார்கள். மரம் பிழைக்கும். வேலியும் நிற்கும்.

"ரொம்ப அழகா நட்டிருக்கீங்க சார். எங்களுக்கு இந்தப் படிப்பெல்லாம் ஏது?"

அவருக்குப் பூரிப்பு. "இன்னொரு தடவ சொல்லும்மா, வீடியோவுல காத்துச் சத்தம்."

அவள் மறுபடியும் சொன்னாள்.

பேருந்துகள் போனபின், கிடந்த மிச்ச விதைகளைப் பொறுக்கிக்கொண்டு இருவரும் வாய்க்கால் முகத்துக்குப் போனார்கள்.

"இதையும் தலைகீழாவா அண்ணி?"

"நீ என்ன, அவ்வளவு படிச்சவனா?"

மூன்று மாதத்தில் திடலில் நட்டதெல்லாம் அழுகிப்போயிற்று. வேலியைப் பிரித்து வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்த பரணிதரன் அமலியைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். "இந்த மண்ணுல ஒண்ணும் வராதும்மா."

"ஆமாங்க சார்," என்றபடியே அவள் கம்பியோடு சேற்றில் இறங்கினாள்.