நல்ல வார்த்தை

மருந்துச் சீட்டை மடித்துப் பையில் வைத்த பிறகும் ராஜகோபாலன் எழுந்திருக்கவில்லை.

"எங்க பையன் அச்யுத்துக்கு ஒரு ஜாதகம் பொருந்தியிருக்கு டாக்டர். மதுவந்தி. உங்க பேஷன்ட்தானாமே. பொண்ணு உடம்பு எப்படி?"

டாக்டர் சாருலதாவுக்குப் பகீரென்றது. அபிராமபுரத்தில் ஜாதகம் பொருந்தினால் அடுத்த படி குடும்ப டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்பது. அவளும் வருஷக்கணக்காகச் சொல்லிக்கொண்டுதான் இருந்தாள்: தங்கமான பையன், கண்ணை மூடிண்டு பண்ணுங்கோ. நோயாளி விஷயம் வெளியே போகக் கூடாது என்ற விதி தெரியாமல் இல்லை. நல்லதைச் சொன்னால் யார் குடி முழுகிவிடப் போகிறது என்று ஒரு நினைப்பு. மதுவந்திக்குப் பள்ளிக்கூட நாளிலிருந்து வலிப்பு உண்டு. மாத்திரையில் அடங்கியிருக்கிறது. வெளியே தெரிந்தால் ஒருவனும் அந்த வீட்டுப் படி ஏறமாட்டான்.

"நான் பேஷன்ட்ஸ் பத்தி வெளில பேசறதில்ல மாமா."

"எங்க நீரஜாவுக்குப் பாத்தப்போ மாப்பிள்ளையப் பத்திச் சொன்னேளே?"

"அதுவும் தப்புதான். இனிமே யாரைப் பத்தியும் சொல்றதா இல்ல."

அந்த 'இனிமே' அவள் காதுக்கே கேவலமாக இருந்தது. ஒரு பொய் போதும், நாக்கு நுனியில் தயாராக நின்றது. விழுங்கிவிட்டாள். அவர் அவள் முகத்தையே பார்த்தார்.

"புரியறது" என்று எழுந்தார்.

வெளியே பெஞ்சில் மதுவந்தி காத்திருந்தாள். அவரைக் கண்டதும் துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டு எழுந்து நின்று சிரித்தாள். அவர் குனிந்து செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். பாவி, வேறு நாளில் வந்திருக்கக் கூடாதா என்று சாருலதாவுக்கு ஆத்திரமாக வந்தது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

மதுவந்தி உள்ளே வந்து ஜன்னலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தாள்.

"சாயங்காலம் அச்யுத்தைப் பாக்கப்போறேன் டாக்டர். வலிப்பு விஷயத்தை நானே சொல்லிடப்போறேன். மறைச்சுப் பண்ணிக்கப் பிடிக்கல. அவர் புரிஞ்சுப்பார்னு தோணறது." சட்டென்று குரல் இறங்கியது. "மாமாகிட்ட நீங்க ஒண்ணும் சொல்லிடலையே?"

"ஒண்ணுமே சொல்லலம்மா."

பொய்யில்லை. சாருலதா அவள் கையில் ரத்த அழுத்தப் பட்டையைச் சுற்றிக் காற்றடித்தாள். பாதரசம் ஏறி இறங்கியது. துடிப்பு காதில் விழவில்லை. மறுபடி அடித்தாள். ஜன்னலுக்கு வெளியே, எதிர்சாரி எஸ்.டி.டி. பூத்தின் கண்ணாடிக்குள் ராஜகோபாலன் ரிசீவரைக் காதில் வைத்து எண்களை அழுத்திக்கொண்டிருந்தார்.