மைக்செட்காரரின் மனைவி பேசுகிறார்

1

இந்தக் கதை ஒரு மின்விசிறியால் வந்தது. வீட்டு எண் தப்பாகப் பதிவாகியிருந்ததைத் திருத்தச் சொல்லி எங்கள் புறநகர் நகராட்சி அலுவலகத்துக்குப் போயிருந்தேன். "சார் சாப்பிடப் போயிருக்கார்" என்றார்கள். கீழே விசிறி ஓடவில்லை. மாடியில் மன்றக் கூட்டம் நடந்தது. அங்கே பார்வையாளர் வரிசைக்கு மேல் நன்றாகவே ஓடியது. போய் உட்கார்ந்தேன். மூலையில், காதில் ஹெட்போன் மாட்டிய ஒருவர், சுவிட்சுகள் வரிசையாக இருந்த பெட்டிக்கு முன்னால் இருந்தார். தலைவர் பேனாவால் மேசையைத் தட்டினார். இவர் ஒரு சுவிட்சை அழுத்தினார். பேசிக்கொண்டிருந்த உறுப்பினரின் வாய் மட்டும் அசைந்தது.

நான் பார்த்தது அவ்வளவுதான். மற்றதெல்லாம் என் கைச்சரக்கு.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'உள்ளாட்சி என்பது மக்களாட்சியின் ஆணிவேர், அந்த வேருக்கு நீர்...'

(அடித்துவிட்டேன். இது தலைவர் பேச வேண்டியது.)

பிறகு: 'அவர் விரல் நுனியில் ஊரின் குரல்...'

(இதையும். விரல் நுனியில் இருந்தது ஒயர் பற்றவைக்கும் சூட்டுக்கோல் பட்ட தழும்பு.)

நேராகவே சொல்லிவிடுகிறேன். அந்த மைக்செட்காரரின் மனைவி தேர்தலில் நின்று ஜெயித்துவிட்டாள்.

3

அவர்கள் தெருவுக்குப் பின்னால் ஒரு மைதானம். அதில் தற்காலிகக்* குப்பைக் கிடங்கு. குப்பை எரியும், புகை வீடுகளுக்குள் வரும். அக்கம்பக்கத்துப் பெண்கள் சேர்ந்து இவளை நிற்கச் சொன்னார்கள்.

"யாரு உனக்கு ஓட்டுப் போடப்போறாங்க?" என்றார் கணவர்.

"நீங்க போடுவீங்கல்ல?"

"போடுவேன்."

"அப்ப ஆரம்பிச்சாச்சு."

*தற்காலிகம்: நகராட்சி மொழியில், யாரும் கேட்காதவரை.

(வீட்டில் 'அவள்', மன்றத்தில் 'உறுப்பினர்', 'அவர்'. நானும் அப்படியே எழுதுகிறேன்.)

முதல் கூட்டத்தில் மைக்செட்காரர் ஒவ்வொரு மைக்காகச் சரிபார்த்துக்கொண்டு வந்தார். "மேடம், கொஞ்சம் கிட்ட இழுத்துக்குங்க."

"இழுத்துட்டேங்க."

மன்றமே சிரித்தது. பிறகு உறுப்பினர் எழுந்து கிடங்கைப் பற்றி வாயைத் திறந்தார். தலைவர் தட்டினார். சுவிட்ச் அணைந்தது.

வீட்டில் தட்டு வைக்கப்பட்டது, சோறும் விழுந்தது. குழம்பு ஊற்றும்போதுதான் பேசினாள்.

"வீட்டுல முடியாததை அங்க போய்ச் சாதிச்சிட்டீங்க."

"கைப்பழக்கம்மா. யாருன்னு பாக்கலை."

"பாத்திருந்தா?"

பேச்சை மாற்ற, மருமகனைத் திட்டினார். பேரப்பிள்ளையைக் கண்ணில் காட்டி எத்தனை மாதம் ஆகிறது, அப்படி என்ன லீவே கிடைக்காத உத்தியோகம் என்று. அவள் கரண்டியோடு உள்ளே போனாள்.

4

அடுத்த கூட்டத்தில் தற்காலிகக் கிடங்கை நிரந்தரமாக்கத் தீர்மானம். மைக்செட்காரர் தலைவரிடம் போய் அன்றைக்கு மட்டும் லீவு கேட்டார்.

[தலைவரை வில்லனாக்கப் பார்த்தேன். மீசை கூட வைத்தேன். ஒட்டவில்லை. அவர் மரியாதையான மனிதர்.]

"தாராளமா எடுத்துக்குங்க. என் மச்சான் பையன் பாத்துக்குவான். அப்படியே அவனே தொடர்ந்து பாத்துக்கட்டுமே, உங்களுக்கும் வயசாகுது."

அதை அப்படியே வீட்டில் வந்து சொன்னார். அவள் காய்ந்த துணியை மடித்துக்கொண்டிருந்தாள்.

"நீங்களே போங்க. உங்க வேலையை நீங்க பாருங்க, என் வேலையை நான் பாக்கறேன்."

"அவர் தட்டினா?"

"மச்சான் பையன் அணைச்சா ஊரைக் கூட்டுவேன். நீங்க அணைச்சா..."

(இந்த வாக்கியத்தை அவளும் முடிக்கவில்லை. நான் முடித்துப் பார்த்த எதுவும் அவள் பேசுவதுபோல் இல்லை.)

5

உறுப்பினர் எழுந்தார். கையில் தாள் இல்லை. ஹெட்போனில் அவர் மூச்சு இழுத்துவிடுவது கேட்டது. அத்தனை வருட சம்சாரத்தில் மனைவியின் குரலை இவ்வளவு பக்கத்தில் மைக்செட்காரர் கேட்டதில்லை.

"என் பேரனுக்கு எங்க வீட்டுப் புகைல இழுப்பு வந்துடுச்சுங்க. அன்னிக்குத் தூக்கிட்டுப் போனவதான் என் பொண்ணு, திரும்ப வரல. வீட்டுக்காரர் மனசு கஷ்டப்படும்னு, மாப்பிள்ளைக்கு லீவு கிடைக்கலன்னு சொல்லி வச்சிருக்கேன். பாவம், அவரும் அந்தப் பையனையே திட்டிட்டு இருக்கார். நான் கேக்கறது..."

தலைவர் மேசையைத் தட்டினார்.

மைக்செட்காரர் கை சுவிட்சின் மேல்தான் இருந்தது. அசையவில்லை. தலைவர் மறுபடி தட்டினார். எல்லாத் தலையும் மூலைப் பக்கம் திரும்பியது. உறுப்பினர் மட்டும் திரும்பவில்லை.

6

முடிவுகள் கைவசம் இருக்கின்றன.

அணைக்கிறார். வேலை நிலைக்கும். வீட்டில் சோறும் சூடாகவே கிடைக்கும், பேச்சுதான் இருக்காது.

அணைக்கவில்லை. மச்சான் பையனுக்கு உத்தியோகம்.

தலைவரின் மைக்கை அணைக்கிறார், ஒரே கைதட்டல். (எழுதியே பார்த்தேன். எழுதும்போது எனக்கே விசில் அடிக்கத் தோன்றியது. கிழித்துவிட்டேன்.)

எதுவானாலும் தீர்மானம் நிறைவேறிவிடும். தூக்க வேண்டிய கைகளெல்லாம் முன்பே பேசி முடிக்கப்பட்டவை. அதில் உங்களுக்குப் பொய் நம்பிக்கை தர மாட்டேன். மிச்சம் இருப்பது, அந்த அம்மாள் தொடங்கிய வாக்கியத்தை முடிக்க விடுவதா என்பது மட்டும்தான். அது மைக்செட்காரர் கையில். மைக்செட்காரர் என் கையில். நான் பேனாவை மூடிவிட்டேன். நான் எழுதாதவரை சுவிட்ச் அணையாது. உறுப்பினர் பேசிக்கொண்டேதான் இருப்பார். அணைத்தே தீர வேண்டும் என்பவர்கள் கீழே எழுதிக்கொள்ளலாம், இடம் விட்டிருக்கிறேன்.

தலைவர் இன்னும் தட்டிக்கொண்டிருக்கிறார். தட்டட்டும்.