மூன்று ‘இல்லை’

…பிள்ளைக்குத் தலைமுடி அடர்த்தியாக இருக்கிறதாம், அது உள்ளேயிருந்து குத்துகிறதாம், அதனால்தான் எனக்கு நெஞ்சுக்குழியில் எரிகிறதாம், இதை மாமி காலையிலிருந்து ஊருக்கே சொல்லியாகிவிட்டது, ஆட்டோக்காரரிடம், டாக்டர் வீட்டு வாட்ச்மேனிடம், இப்போது இந்த லேபில் எதிர் நாற்காலியில் இருக்கும் முன்பின் தெரியாத ஓர் அம்மாவிடம். அந்த அம்மாவும் ஆமோதிக்கிறாள். “ஆமாக்கா, எம்மகளுக்கும் இப்பிடித்தேன் எரிஞ்சுச்சு, பிள்ளை பெறக்கயிலேயே சடை பின்னுற கணக்கா முடி.” முடி என்ன முள்ளா, குத்துவதற்கு? பத்து வருடமாக அமராவதிபுதூரில் பிளஸ் டூவுக்கு உயிரியல் நடத்துகிறேன், என் வீட்டுக்குள்ளேயே என் பாடம் ஏறவில்லை, ஊரான் பிள்ளைக்கு நடத்தி என்ன கிழிக்கப்போகிறேன். நேற்று ராத்திரி பரோட்டாவும் சால்னாவும் தின்றேன், எட்டாம் மாதத்தில் பரோட்டா தின்றால் எரியாமல் குளிருமா? வலது விலாவுக்குக் கீழே யாரோ முழங்கையை ஊன்றி அழுத்துகிற மாதிரி இருக்கிறது… சரி, பரோட்டாவுக்கு எங்கே உட்காரத் தோன்றுகிறதோ அங்கே உட்காரட்டும்.

இதற்குப் பெயர் லேப். பெரிய வீட்டுச் செட்டியார் யாரோ சென்னையில் இருக்கிறார், வீட்டின் முகப்பை மட்டும் வாடகைக்கு விட்டிருக்கிறார், அந்தத் தேக்குத் தூணில் ஆணி அடித்து ‘முழு உடல் பரிசோதனை, தீபாவளிச் சலுகை’ என்று அட்டை தொங்குகிறது, தீபாவளி முடிந்து பொங்கலும் போய்விட்டது, அட்டையைக் கழற்ற ஆளில்லை. முடிவு வர நேரமாகும் என்கிறாள் லட்சுமி, மேசையில் இருக்கிற பெண், சொல்லும்போதே செல்போனைத் தேய்க்கிறாள். அப்புறம் மேலே, இடது ஓரத்தில், அந்த டியூப்லைட். வந்து உட்கார்ந்ததிலிருந்து மினுக் மினுக்கென்று… தலையை நிமிர்த்தினாலே உள்ளே வலி இன்னும் கொஞ்சம் ஆழமாக இறங்குகிறது, அதனால் அந்தப் பக்கம் திரும்பாமலே இருக்கிறேன். தலைவலி இதனால்தான், வேறெதனால். ஒரு ஸ்டார்ட்டர் மாற்றத் துப்பில்லை, இவர்கள் என் ரத்தத்தைப் பரிசோதித்துச் சொல்லப்போகிறார்கள்.

டாக்டரம்மா மட்டும் என்ன உசத்தி? பி.பி. நூற்றைம்பதுக்கு நூறு என்றார், போன மாதம் வரை ஒழுங்காக இருந்ததே என்றார், ஏதோ நான் வேண்டுமென்றே ஏற்றிக்கொண்டு வந்த மாதிரி. பிறகு கேள்வி. கேள்வியா அது? கூட்டத்தில் கண்டக்டர் டிக்கெட் டிக்கெட் என்று போவாரே, அப்படி, தலையை நிமிர்த்தாமல், தலைவலி இருக்கா, கண்ணுல ஏதும் மினுக்குதா, நெஞ்சுக்குழி வலிக்குதா? எனக்கு முன்னால் உள்ளே போன பெண் எல்லாவற்றுக்கும் ஆமா டாக்டர், ஆமா டாக்டர் என்று இழுத்துக்கொண்டே இருந்தாள், கொட்டாவி வந்தால்கூட அதையும் சொல்லியிருப்பாள், கதவு வழியாகக் கேட்டுக்கொண்டிருந்த எனக்குக் கூச்சமாக இருந்தது. நான் அந்த ஜாதி இல்லை. இல்லை, இல்லை, இல்லை, மூன்றையும் பளிச்சென்று சொன்னேன். அந்த அறையிலும் ஒரு டியூப்லைட் கெட்டுப்போய் மினுக்கிக்கொண்டிருந்தது, இந்தக் காரைக்குடியில் ஒரு விளக்கு ஒழுங்காக எரிவதில்லை. அப்போதுதான் நிமிர்ந்து பார்த்துச் சொன்னார், ரத்தம் கொடுத்து முடிவோடு சாயங்காலத்துக்குள் வந்துவிட வேண்டும், ஈரல் நொதிகள் ஏறியிருந்தால் இங்கே வைத்துப் பார்க்க முடியாது, மதுரைக்கு அனுப்பிப் பிள்ளையை எடுத்துவிட வேண்டும். எடுத்துவிட வேண்டும்… அடுப்பிலிருந்து பாலை இறக்குகிற மாதிரி.

அந்த இடத்தில்தான் மாமி வாயைத் திறந்தார். சைதுன் பீவி வாயைத் திறந்தால் தெருமுனை வரை கேட்கும். “ஈரல் டெஸ்ட்டா? அது குடிகாரப் பயலுகளுக்குல்ல எடுப்பாக? எம்மருமக தண்ணியைக்கூட உக்காந்துதாம்மா குடிப்பா, அவளுக்கு எதுக்கு இதை எழுதுறீக?” வெளியே காத்திருந்த கூட்டம் சிரித்தது. டாக்டரம்மாவும் சிரித்தார். நான் தரையைப் பார்த்தேன், தரை பிளக்கவில்லை. மாமிக்குத் தெரிந்த ஈரல் ஒன்றே ஒன்றுதான், அவருடைய தம்பி அப்துல் மாலிக்கின் ஈரல், குவைத்திலிருந்து திரும்பி வந்து ஒளித்து ஒளித்துக் குடித்து, மஞ்சள் பூத்த கண்ணோடு போய்ச் சேர்ந்தவர். அவருக்கும் இதே டெஸ்ட்தான் எடுத்தார்களாம். முடிவு வந்த வாரமே மவுத்தாகிப்போனாராம். ஆட்டோவில் வரும்போது மாமி என் கையைப் பிடித்துக்கொண்டு ஏதோ ஓதிக்கொண்டே வந்தார், எனக்குக் கை வேர்த்தது, மெல்ல உருவிக்கொண்டேன். குடிகாரத் தம்பிக்கும் எனக்கும் என்ன சம்பந்தம்? விளக்கிச் சொல்லியிருக்கலாம். சொல்லி என்ன, புரியவா போகிறது?

சொல்லப்போனால் என்ன சொல்வது? கர்ப்பத்தில் பி.பி. ஏறினால் ரத்தக் குழாய்கள் சுருங்கும், ஈரலுக்குப் போகிற ரத்தம் குறையும், செல்கள் அடிபடும், அதற்குள் வேலை பார்த்துக்கொண்டிருந்த நொதிகள் கசிந்து ரத்தத்தில் கலக்கும். எஸ்.ஜி.ஓ.டி., எஸ்.ஜி.பி.டி., எல்.டி.ஹெச்., கரும்பலகையில் எழுதினால் ஐந்தே நிமிடம். பாண்டீஸ்வரி என்று ஒருத்தி, நொதி என்றால் என்ன என்று கேட்டதற்கு, ‘உறுப்பு நொந்தால் நொதி வெளியே வரும்’ என்று எழுதி வைத்திருந்தாள், பெயர்க் காரணம் கண்டுபிடித்துவிட்டாளாம். ஆசிரியர் அறையில் வாசித்துக் காட்டினேன், டீயைத் துப்பிக்கொண்டு சிரித்தோம். நொந்தால் வருமாம்… இப்போது உள்ளே அந்த மெஷின் என் ரத்தத்தில் வேறு எதைத் தேடுகிறதாம்? சே, மெஷினுக்கு வேலை இருக்கிறது, தேடட்டும். ஏறியிருக்காது. ஏன் ஏற வேண்டும், நான் உப்பு குறைத்துத்தான் சாப்பிடுகிறேன், நேற்றைய பரோட்டாவைத் தவிர. காலில் வீக்கம் என்றால் எல்லோருக்கும்தான் வீங்குகிறது. ஏறியிருந்தால் மதுரை, ஆம்புலன்ஸ், குறைமாதப் பிள்ளையை வைக்கிற கண்ணாடிப் பெட்டி, ஏழாம் மாதத்துப் பிள்ளை தங்கும், எட்டாம் மாதத்துப் பிள்ளை தங்காது என்று மாமி கூட்டத்துக்கு நடுவில் சொல்லிவிடுவார், அதை நான் கேட்டுக்கொண்டு படுத்திருக்க வேண்டும். எனக்குப் பயமாக இருக்கிறது. இதை யாரிடம் சொல்வது, பயம் என்று சொன்னால் உடனே தாயத்து வரும்.

செல்போன் துடிக்கிறது, என் வீட்டுக்காரர் நாசர் மச்சான், சவூதியில், தம்மாமில் இப்போது சாப்பாட்டு வேளை. திரையில் பாதி முகமும் பாதிச் சோறும். “டென்ஷன் ஆகாத புள்ள, டென்ஷன்லதேன் பி.பி. ஏறும், இளநி குடி.” போன வருடம் அவர் அத்தாவுக்கு நெஞ்சு வலித்தபோதும் இளநீர், எனக்கு வேலை நிரந்தரமாகாதபோதும் இளநீர். டென்ஷன் ஆகாதே என்று சொல்வதற்கு ஒரு மனிதன் கடல் தாண்டிப் போக வேண்டுமா? அவர் முகத்தின் ஓரம் அறுந்து அறுந்து தெரிகிறது, கண்ணாடித் துண்டை ஆட்டினால் சுவரில் ஓடுமே, அந்த மாதிரி வெளிச்சம் மூக்குப் பக்கத்தில் ஓடுகிறது, அங்கே இன்டர்நெட் அவ்வளவுதான். கண்ணு வலிக்குது, அப்புறம் பேசுறேன் என்று வைத்துவிட்டேன். பிள்ளை ஒரு தரம் புரண்டது. நீங்கள் ஒருத்தராவது மரியாதை தெரிந்தவராக இருக்கிறீர்கள், கேள்வி கேட்பதில்லை, யோசனை சொல்வதில்லை.

“எங்குட்டு வலிக்குதுன்னு சொல்லித் தொலையேன்டி, மூஞ்சி ஒரு மாதிரியா இருக்கு” என்கிறார் மாமி. விடியற்காலை சுபுஹுத் தொழுகை முடிந்ததிலிருந்து இதே கேள்வி, ஒன்றுமில்லை என்று நானும் சொல்லிக்கொண்டே இருக்கிறேன், இப்போதும் சொன்னேன், கொஞ்சம் எரிந்து விழுந்தே சொன்னேன். எதிர் அம்மா மறுபடியும் முடியைப் பற்றி ஆரம்பிக்கிறாள். முழங்கை விலாவில் இன்னும் ஆழமாக ஊன்றுகிறது. மினுக், மினுக்… மனிதர்கள் உட்கார்கிற இடமா இது, நோயில்லாதவருக்கும் நோய் வரும். எனக்கு எங்கிருந்தோ சத்தம் வந்துவிட்டது, வகுப்பில் கடைசி பெஞ்சை அதட்டுகிற குரல். “ஏம்மா லட்சுமி, அந்த டியூப்லைட்டை மாத்துங்க, இல்ல அணைச்சாவது விடுங்க. வந்ததுலேர்ந்து மினுக்கிக்கிட்டே இருக்கு, மனுசி உக்கார வேண்டாமா?”

லட்சுமி செல்போனைக் கீழே வைத்துவிட்டு மேலே பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். “எந்த டியூப்லைட்ட சொல்றீக டீச்சர்? அது ஃபியூஸ் போயி ரெண்டு மாசமாச்சு. எரியவே எரியாதே.”

இப்போது நேராகப் பார்க்கிறேன். இரண்டு முனையும் கறுத்துப்போன குழல், அதிலிருந்து உத்தரம் வரை ஒட்டடை. இதைப் பார்க்கத்தான் இவ்வளவு நேரம் தலையைத் திருப்பாமல் இருந்தேனா? எதிர் அம்மா முடியை மறந்துவிட்டு என்னைப் பார்க்கிறாள், ஒருவரும் சிரிக்கவில்லை, சிரித்தால்கூடப் பரவாயில்லை. அப்படியானால் டாக்டர் அறையில்? நாசர் மச்சானின் மூக்குப் பக்கத்தில் ஓடியது? கண்ணை இறுக்க மூடுகிறேன், மூடினால் போக வேண்டும், விளக்காக இருந்தால் போக வேண்டும்… போகவில்லை, இடது ஓரத்தில் அதே இடத்தில், அதே அவசரத்தில் மினுக்கிக்கொண்டிருக்கிறது. கை தானாகப் போய் மாமியின் கையைத் தேடுகிறது. அது சில்லென்று இருக்கிறது, இல்லை, என் கைதான் சில்லென்று இருக்கிறது. “மாமி, டாக்டரம்மா என்கிட்ட மூணு கேள்வி கேட்டாகள்ல…” என்று ஆரம்பிக்கிறேன், மறுபடி ஓத ஆரம்பித்திருந்த மாமி அதை நிறுத்திவிட்டு என் வாயையே பார்க்கிறார், மூன்றில் எதை முதலில் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.