நைனா பேரு

“நைனா பேரு சொல்லுங்க பாய்” என்றார் கலைவாணி மேடம்.

பேரூராட்சி அலுவலகத்தில் பிறப்புச் சான்றிதழ் தருகிற ஜன்னலுக்கு முன்னால் நின்றுகொண்டு, “யாரு நைனா மேடம்? என் நைனாவா, புள்ளையோட நைனாவா?” என்று கேட்டேன். எனக்குப் பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். சிரிக்கட்டும். பதினோரு மாதத்துக்கு முன்னால் இந்த ஒரு கேள்வியைக் கேட்காமல் விட்டதால்தான் இங்கே நாலாவது தடவையாக நிற்கிறேன்.

என் மகள் ஷிபாவைப் புத்தளத்தில் கட்டிக் கொடுத்திருக்கிறோம். மருமகன் அப்சலுக்கு அங்கே செல்போன் கடை. தலைப்பிரசவம் அம்மா வீட்டில்தான் நடக்க வேண்டும் என்று என் மனைவி ஹுசைன் பீ ஒற்றைக்காலில் நின்றாள். ஏழாம் மாதமே கொழும்பிலிருந்து மகளை விமானத்தில் வரவழைத்தும் விட்டாள். நாடு விட்டு நாடு வந்து பெற்றால் பிள்ளைக்கு எந்த நாடு என்று எங்களில் ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை. வளைகாப்பு வளையல் எந்தக் கடையில் வாங்குவது என்பதில்தான் வீடே மும்முரமாக இருந்தது.

ஒன்றரை நாள் வலி. டாக்டரம்மா ஆபரேஷன் என்றார், பிறகு பார்க்கலாம் என்றார். உள்ளேயிருந்து குழந்தை அழுகிற சத்தம் வந்தபோது நான் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அந்த நேரம் பார்த்து ரிஜிஸ்டரோடு வந்தாள் ஆஸ்பத்திரி ஆயா ராஜாம்பாள். “நைனா பேரு சொல்லு” என்றாள். அப்பாவை ஊரில் நைனா என்பார்கள்; எங்கள் வீட்டில் அத்தா என்போம். நைனா என்பது எனக்கு பஸ் ஸ்டாண்டில் வழி கேட்கிறவர்கள் கூப்பிடுகிற சொல், அவ்வளவுதான். ‘நைனா, பேரு சொல்லு’ என்றுதான் என் காதில் விழுந்தது. “சைபுதீன்” என்றேன். நல்ல கம்பீரமாகவே சொன்னேன். அவள் விரல் வைத்த இடத்தில் கண்ணாடி இல்லாமலே கையெழுத்தும் போட்டேன்.

சான்றிதழ் வந்ததும் ஷிபா அதை மடித்து பீரோவில் வைத்தாள். யாரும் படித்துப் பார்க்கவில்லை. அப்சல் தன் பக்கத்துக் காகிதங்களையெல்லாம் கையெழுத்துப் போட்டு அனுப்பவே பத்து மாதம் ஓடிவிட்டது. பிறகு சென்னையில் இருக்கிற அப்சலின் நாட்டுத் தூதரக அலுவலகத்துக்குப் போனோம். அங்கே இருந்த அம்மா காகிதங்களை மாற்றி மாற்றிப் பார்த்தார். “தகப்பன் பெயர் சைபுதீன் என்று இருக்கே. உங்க கணவர் பெயர் அப்சல் அல்லவா?” என்று ஷிபாவிடம் கேட்டார். அதே சைபுதீனான நான் பக்கத்து நாற்காலியில் பால் பாட்டிலோடு உட்கார்ந்திருந்தேன்.

தகப்பன் அந்த நாட்டுக் குடிமகன் என்றால், வெளிநாட்டில் பிறந்த பிள்ளையையும் அவன் வழியில் குடியாகப் பதியலாம். ஆனால் ஒரு வயதுக்குள் பதிய வேண்டும். தாண்டினால் அங்கே மேலிடத்தில் தனியாக அனுமதி வாங்க வேண்டும், அது எப்போது வரும் என்று சொல்ல முடியாது என்றார். ஷிபா அங்கே புருஷனோடு இருக்க வாங்கிய விசாவோ அடுத்த மாதம் முடிகிறது. ஒன்று அவள் பிள்ளையை விட்டுவிட்டுப் புருஷனிடம் போக வேண்டும், இல்லையென்றால் புருஷனை விட்டுவிட்டு இங்கே இருக்க வேண்டும். திரும்பி வருகிற பஸ்ஸில் அவள் பிள்ளையை மடியில் போட்டுத் தட்டிக்கொண்டே வந்தாள். திண்டிவனம் தாண்டியதும், “உங்கள குத்தம் சொல்லல அத்தா” என்றாள். எனக்கு அதுதான் அதிகமாக வலித்தது.

வீட்டில் ஹுசைன் பீ சும்மா விடுவாளா? “பேத்திக்கே அப்பனாயிட்டீங்களே, இன்னும் இன்னா பாக்கி இருக்குது?” என்றாள். சிரிப்பாகத்தான் ஆரம்பித்தாள், முந்தானையில் கண்ணைத் துடைத்துக்கொண்டு முடித்தாள். என் மானம் போனது போகட்டும். ஒரு காகிதத்தில் என் மகளின் புருஷன் இடத்தில் என் பேர் நிற்பதை நினைத்தால் சோறு இறங்கவில்லை.

ஆஸ்பத்திரியில் கேட்டால், நீங்களே சொல்லி நீங்களே கையெழுத்துப் போட்டது, நாங்கள் என்ன செய்வது என்றார்கள். நியாயம்தான். ஜமாத்தில் கொடுத்த நிக்காஹ் சான்றிதழைக் கலைவாணி மேடத்திடம் நீட்டினேன். “இது கல்யாணத்துக்கு ப்ரூஃப் பாய். பிரசவத்துக்கு முன்னாடி நம்ம ஊர்லயே புருஷன் பேரு எங்கயாவது பதிஞ்சிருக்குதா பாருங்க” என்றார். இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்டேன். கடைசியில் ஷிபாவுக்குத்தான் ஞாபகம் வந்தது. வந்த வாரமே நர்ஸ் வசந்தா வீட்டுக்கு வந்து, கர்ப்பிணிகளைக் கம்ப்யூட்டரில் பதிகிற நம்பர் போட்டுக் கொடுத்திருந்தார். ஓடினேன். வசந்தா தன் நோட்டைப் புரட்டிவிட்டு நிமிர்ந்து பார்த்தார். “இன்னா பாய் இப்டி மூச்சு வாங்குது? கணவர் பேரு அப்சல், ஊரு புத்தளம். ஷிபா வாயால சொல்லித்தான் எழுதினேன். உங்கள யாரு கேட்டது?”

அந்த நோட்டின் நகலும், கம்ப்யூட்டரில் எடுத்த தாளும், அவற்றைக் காட்டி வாங்கிய ஆஸ்பத்திரிக் கடிதமும் சேர்ந்துதான் இன்று இந்த ஜன்னலுக்கு வந்திருக்கின்றன. பிள்ளைக்கு ஒரு வயது ஆக இன்னும் பத்தொன்பது நாள்.

“புள்ளையோட நைனா பேருதான்” என்றார் கலைவாணி மேடம், சிரிப்பை அடக்கிக்கொண்டு.

“அப்சல்” என்றேன். “அ, ப், ச, ல். நான் இல்ல மேடம்.”

கண்ணாடி போட்டுக்கொண்டு புதுச் சான்றிதழை மூன்று தடவை படித்த பிறகுதான் ஜன்னலை விட்டு நகர்ந்தேன்.

நாலாம் நாள் சென்னையில் அதே அம்மா காகிதங்களை வாங்கி வரிசைப்படுத்தி, முத்திரை குத்தி, “பதிந்தாகிவிட்டது” என்றார். பிள்ளை பேர் அஃப்ஷான், தகப்பன் அப்சல், தகப்பன் வழிக் குடியுரிமை. ஷிபா அங்கேயே அழுதுவிட்டாள். நான் வெளியே வந்து இளநீர்க்காரரிடம் மூன்று இளநீர் வெட்டச் சொன்னேன். குடிக்கிற வயதில் நாங்கள் இரண்டு பேர்தான் என்பது அவர் மூன்றாவதை நீட்டியபோதுதான் உறைத்தது. அதையும் நானே குடித்தேன். எத்தனையோ நாளைக்குப் பிறகு தொண்டையில் ஏதோ இறங்கியது.

மறுநாள் காலை கடையில் இருந்தேன். எனக்கு மெத்தைக் கடை. தைத்து முடித்த மெத்தைமேல் அஃப்ஷான் உட்கார்ந்திருந்தாள். பதினோரு மாதமும் அவள் பகல் தூக்கம் என் கடையில்தான். ஷிபா வீடியோ காலில் அப்சலைக் காட்டினாள்.

“ஒண்டும் யோசிக்காதீங்க மாமா, எல்லாம் சரியாகிட்டு. இருபத்தாறாம் தேதிக்கு ஷிபாவுக்கும் மகளுக்கும் இங்க வர டிக்கெட் போட்டிருக்கன்” என்றார் அவர். “மகள், வாப்பாவப் பாருங்க, வாப்பா.”

அஃப்ஷான் போனைப் பார்த்தாள். பிறகு கையைத் தூக்கி, என்னைக் காட்டி, “அத்தா” என்றாள்.

ஷிபா என்னைக் கூப்பிடுவதைக் கேட்டுக் கேட்டு வந்த சொல். அவள் பேசிய முதல் சொல்லும் அதுதான். அப்சல் அங்கே விழுந்து விழுந்து சிரித்தார். ஷிபா சிரித்தபடியே என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்தினாள்.

“நான் இல்லடி கண்ணு” என்றேன். “அங்க பாரு.” அவள் தாடையைப் பிடித்து மெதுவாகப் போன் பக்கம் திருப்பினேன்.

“புள்ளட தலையில என்னமோ வெள்ளையா ஒட்டியிருக்கு மாமா” என்றார் அப்சல்.

பார்த்தேன். இலவம்பஞ்சு. எடுத்துவிட்டேன். அவள் தலையை விட்டு வந்துவிட்டது. என் விரலை எத்தனை உதறியும், அது அங்கேயே ஒட்டிக்கொண்டிருந்தது.