நாளைக்குப் போட ஒரு சட்டை

சபையில் சாட்சி சொல்ல எழுந்திருப்பவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. நடந்ததைச் சொல்லி, ஆண்டவருக்கு நன்றி சொல்லி, புத்தாண்டு ஆராதனையில் தங்கள் கைக்கு வந்த வாக்குத்தத்த அட்டையின் வசனத்தோடு முடிப்பார்கள். எஸ்தரிடமும் ஓர் அட்டை இருந்தது. ஓரத்தில் ரோஜாப்பூ அச்சடித்தது. அதில் என்ன வசனம் இருக்கிறது என்பதே அவள் சாட்சி சொல்லவிருந்த ஞாயிற்றுக்கிழமை காலையில்தான் அவளுக்குத் தெரிந்தது.

“உன் வூட்டுக்காரரு ஆஸ்பத்திரில கிடந்த நாப்பது நாளும் இந்த வசனத்தப் புடிச்சிக்கினு இருந்தேன்னு சொல்லு, போதும்,” என்றார் பாஸ்டரின் மனைவி சுகாசினி. “சுருக்கமா முடிச்சிடுமா. போன வாரம் ஜோசுவா பைக்கு தொலைஞ்சி கிடைச்ச கதைய முக்கா மணி நேரம் சொன்னான். பிரியாணியே ஆறிப்போச்சி.”

“சரிங்கம்மா,” என்றாள் எஸ்தர்.

சரி என்று சொல்லிவிட்டாள். ஆனால் அந்த வசனத்தை அவள் பிடித்துக்கொண்டிருக்கவில்லை. செவிலிமேட்டுப் பாலத்துக்கிட்டே லாரி உரசி, சாமுவேல் நினைவில்லாமல் கிடந்த நாட்களில் அவளுக்கு ஜெபமே வரவில்லை. முழங்காலிட்டால் கால்தான் மரத்துப்போகும். அவளைப் பிடித்துக்கொண்டிருந்தது வேறொன்று. அதை இங்கே சொன்னால் என்ன ஆகும் என்றும் தெரியும். சொல்லாமல் விட்டால்? பொய் கலந்த நன்றி யாரிடம் போய்ச் சேரும்?

ஆண்கள் வரிசையின் ஓரத்தில், கைத்தடியை மடியில் வைத்துக்கொண்டு சாமுவேல் உட்கார்ந்திருந்தான். வான நீலச் சட்டை. வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அந்தச் சட்டையைப் பற்றி அவனுக்கு ஒரு குறை. “நாலு வாட்டி… கூட… போடல. எப்படி… வெளுத்துச்சி?” என்பான். இப்போதெல்லாம் ஒவ்வொரு சொல்லாகத்தான் வருகிறது. அவள் பேச்சை மாற்றிவிடுவாள்.

மைக் கைக்கு வந்தது. விபத்தைச் சொன்னாள். வென்டிலேட்டரைச் சொன்னாள். ஒவ்வொன்றுக்கும் சபை “ஸ்தோத்திரம்” என்றது. கீபோர்டில் தனுஷ் மெதுவாக வாசித்துக்கொண்டிருந்தான். வார நாட்களில் அவன் கல்யாணக் கச்சேரிக்காரன்.

“ஆஸ்பத்திரிக்கு எதிர்ல ஒரு டீக்கடை,” என்றாள் எஸ்தர். “அங்க ஒரு சினிமாப் பாட்டு போட்டுக்கினே இருப்பாங்க.”

யாரும் ஸ்தோத்திரம் சொல்லவில்லை. சுகாசினியம்மா தலையைத் தூக்கிப் பார்த்தார்.

“உங்க எல்லாருக்கும் தெரிஞ்சதுதான். கல்யாணத்துல ஆடுற பாட்டு. அடிக்கிற அடியில வார்த்தை காதுல விழாது. ஆறாம் நாள் எனக்கு விழுந்துச்சி.” அவள் பாடவில்லை; படிப்பதுபோல் சொன்னாள்.

*நாளைக்குப் போட ஒரு சட்டை*
*இன்னிக்கே துவைச்சு வச்சேன்*
*வரேன்னு நீ சொல்லவுமில்ல*
*வருவியான்னு நான் கேக்கவுமில்ல*

மூன்றாவது அடியிலேயே தனுஷின் விரல்கள் பழக்கத்தில் அந்த மெட்டுக்குத் தாவிவிட்டன. ஒரு முழு வரி ஓடிய பிறகுதான் அவனுக்கே உறைத்தது. கையைச் சுட்டுக்கொண்டவன்போல் எடுத்தான். பின்வரிசையில் சிரிப்பு கிளம்பி அடங்கியது.

“டிஸ்சார்ஜ் அன்னிக்குப் போடறதுக்கு ஒரு சட்டை எடுத்துக்கினு போயிருந்தேன். அழுக்கே இல்ல. அத்த எடுத்துக்கினு போய் குழாயில துவைச்சேன். மறுநாளும் துவைச்சேன். பாட்டுல அந்தப் பொண்ணு நாளைக்கு நல்லது நடக்கும்னு சொல்லல. நாளைக்குன்னு ஒண்ணுக்கு இடம் வுட்டு வைக்கிறா, அவ்ளோதான்.”

கையிலிருந்த அட்டையை ஒரு முறை பார்த்தாள்.

“கேக்கவுமில்லன்னு ஏன் பாடறான்னு ரொம்ப நாள் புரியல. திமிருன்னு நெனச்சேன். அப்புறம் பாத்தா, நானும் டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல. பதிலுக்கு பயம். ஆண்டவர்கிட்டயும் அதே பயம்தான். வாய்விட்டுக் கேக்க முடியாதவ அந்தச் சட்டையத் துவைச்சிக் காட்டினேன். எனக்கு வந்த ஜெபம் அதுதான். அத்த ஆண்டவர் டீக்கடை வழியா குடுத்தாரு. நன்றி.”

சபையிலிருந்து ஸ்தோத்திரம் வரவில்லை. அட்டை அவள் கையில் வியர்வையில் நனைந்து வளைந்திருந்தது. உட்கார்ந்துவிடலாமா என்று நினைத்தபோது ஆண்கள் பக்கத்தில் கைத்தடி தரையில் ஊன்றப்படும் ஓசை வந்தது. சாமுவேல் எழுந்துகொண்டிருந்தான். வாயைத் திறந்தான். சொல் வர நேரமாயிற்று. அத்தனை பேரும் காத்திருந்தார்கள்.

“ஸ்தோ… த்திரம்,” என்றான்.

பிறகு சபை சொன்னது. பாஸ்டரும் சொன்னார்.

பந்தியில் பரிமாறும்போது சுகாசினியம்மா அவள் இலைக்கு முன்னால் கரண்டியோடு நின்றார். “என்னை இக்கட்டுல மாட்டி வுட்டுட்டியே எஸ்தரு,” என்றார். ஒரு கறித்துண்டைத் தேடி எடுத்து வைத்தார். “எங்கம்மா சாவக் கிடக்கும்போது நான் பித்தளைக் குடத்தத் தேய்ச்சிக்கினே இருந்தேன். எதுக்குன்னு இன்னிக்கு வரைக்கும் எனக்குத் தெரியல.” பதிலுக்கு நிற்காமல் அடுத்த இலைக்குப் போய்விட்டார்.

வீட்டுக்கு வந்ததும் சாமுவேல் நாற்காலியில் உட்கார்ந்து சட்டைக் காலரை முன்னால் இழுத்துப் பார்த்தான்.

“நாப்பது… வாட்டியா?”

“முப்பத்தஞ்சு,” என்றாள். “ஆறாம் நாள்லேர்ந்துதானே.”

அவன் பொத்தான்களைக் கழற்ற ஆரம்பித்தான். முதல் பொத்தானுக்கு வெகுநேரம் பிடித்தது. உதவலாம் என்று முன்னே போன கையை எஸ்தர் இழுத்துக்கொண்டாள். ஐந்தையும் அவனே கழற்றி, சட்டையை உருவி அவளிடம் நீட்டினான்.

“நாளைக்கு… போடணும்.”

வெயில் இன்னும் இருந்தது. அவள் வாளியை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனாள்.